பன்னிரண்டில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்,
லியெபாயாவில், டிராம் திரும்பும் முனையில்.
முகம் தெரியாதவர்களின் கடைவாய்க்கு
மூடி வார்ப்பது வேலை.
வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் போனபின்
மிஞ்சிய பீங்கான் மாவைக் குழைத்து
கோப்பை செய்வேன்.
யாரோ ஒருவரின் முன்பல்லோடு
ஒரே தட்டில், தொள்ளாயிரம் டிகிரியில் வேகும்.
ஏ-இரண்டு என்று நாங்கள் சொல்லும் நிறம்.
சிரிப்புக்கும் பொருந்தும், தேநீருக்கும்.

பன்னிரண்டில் ஒன்று என்பது கணக்கு.
ஓர் அடி ஓர் அங்குலமாகும்.
நாற்காலி என் நடுவிரல் உயரம்,
கதவுக் குமிழ் ஒரு மிளகு.
ஆனால் எல்லாமும் சுருங்கச் சம்மதிப்பதில்லை.
துணி சம்மதிக்காது.
திரைச்சீலை கருவாட்டுத் தோல்போல் விறைத்து நிற்கும்;
பசை தடவி, ஊசி குத்தி,
ஒவ்வொரு மடிப்பாகப் பணியவைக்க வேண்டும்.
தண்ணீர் சம்மதிக்காது.
தொட்டியில் ஒரு சொட்டு விட்டால்
வயிறு புடைத்து உட்காரும்.
தூசியோ கேட்கவே வேண்டாம்.
படத்தில் ஓர் இழை விழுந்தால்
மேஜைமேல் கம்பளிப்பூச்சி.

இந்தக் குளிர்காலத்தில் கட்டியது
பதினாறு வருஷம் நான் சமைத்த சமையலறை.
அதை ஒருபோதும் அளந்ததில்லை.
மேஜை முனை இடுப்பில் இடித்த இடம் தெரியும்,
எத்தனை எட்டில் அடுப்பு என்று
இருட்டிலும் காலுக்குத் தெரியும்.
அதை வகுத்தேன் பன்னிரண்டால்.
ஜன்னல் கொக்கி உடைந்திருக்கும்,
குந்திஸ் அதை நீலக் கம்பியால் கட்டியிருப்பான்,
நாளைக்குச் சரிசெய்வதாக.
தொலைபேசி ஒயரைப் பிரித்து
முடி கனத்தில் நீலம் எடுத்தேன்.

பொம்மை, சந்தையில் வாங்கியவள்.
முழங்கால் மடங்காது.
நாற்காலியை இழுத்துப் போட்டாலும் உட்காரமாட்டாள்.
கடைசியில் அவளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினேன்.
நாற்காலி இழுத்தபடியே இருக்கட்டும்.

மேலிருந்து எடுத்தால் பொம்மை வீடு.
அவள் கண்ணுயரத்துக்கு இறங்கினால் வீடு.
ஜனவரி வெயில்
பத்து மணிக்கு வந்து கூரைகளை நக்கிவிட்டு
மூன்றுக்குள் போய்விடும்.
கண்ணாடியில் ரொட்டி சுடும் காகிதம் ஒட்டி
அதை வடிகட்டினேன்.
கோப்பை தெளிந்தால் ஜன்னல் மங்கும்,
அந்த மங்கல்தான் காட்டிக்கொடுக்கும்.
எனவே மயிரிழை மயிரிழையாய்க் குவியம் நகர்த்தி
இருபத்திரண்டு படங்கள்.
மூச்சை அடக்கி.
பிறகு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று.

நூலகக் கூடத்தில் மாட்டினார்கள்.
சின்ன ஊர். செவ்வாயன்று போன் வந்தது.
"சாவி யார் கொடுத்தது?"
எனக்குப் புரியவில்லை.
"வெல்தா, என் வீட்டுக்குள் எப்படிப் போனாய்?
எப்போது போனாய்?"
சிரித்திருக்க வேண்டும். வரவில்லை.
ஒரு செருப்புப் பெட்டி அளவுதான், என்றேன்.
கோப்பையெல்லாம் பல், என்றேன்.
அவன் நம்பாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.
பிறகு தானாகவே,
மெதுவாக,
"அந்தக் கொக்கியை மார்ச்சிலேயே மாற்றிவிட்டேனே."

டிராம் ஒன்று போனது,
அவன் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.

"நாற்காலியை மட்டும் சரியாக வைத்திருக்கிறாய்,
எப்போதும் அப்படித்தானே
இழுத்தது இழுத்தபடி விட்டுப்போவாய்."
முழங்கால் விஷயத்தை நான் சொல்லவில்லை.

அன்றிரவு விளக்கைத் தாழ்த்தி
இடுக்கியால் நீலக் கம்பியைக் கழற்றினேன்.
இப்போது இருப்பதுபோலத்தானே இருக்க வேண்டும்
என்று ஒரு நியாயம்.
பித்தளைத் தகட்டை வெட்டக் கத்தரி எடுத்தபின்தான்
உறைத்தது,
புதுக் கொக்கி எப்படி இருக்கும் என்று
கேட்கவே இல்லை.
பித்தளையா, இரும்பா,
இடப்பக்கம் திரும்புமா.

போனைப் பார்த்தேன்.
மணி பதினொன்று.
கம்பியை எடுத்து
மூன்று சுற்று,
அவன் சுற்றியது போலவே கோணலாக,
மறுபடி சுற்றினேன்.