ஆளெவரும்

இருபத்தேழாம் நாள் பின்னேரம் வந்தார்.
கல்முனை நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம்
இரண்டு கதிரை, ஒரு பிரின்டர், என் முத்திரை:
நுஸ்கியா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் போயிற்று.
நாலு நாள் ஒருவருக்கும் சொல்லாமல்.
மிச்சமெல்லாம் அடகுக்கடை, வட்டிக்காரர், மச்சான் வீடு.
ஒரு மாதம்தான் தவணை என்று
நேற்றுத்தான் யாரோ சொன்னார்களாம்.
பால்மாப் பக்கெற்றைப் போல
உரிமைக்கும் முடிவுத் திகதி உண்டு.

மேசையில் அரசியலமைப்பு. அட்டை கழன்றுவிட்டது.
பதினோராம் உறுப்புரையில் தேத்தண்ணிக் கறை.
வாசித்துக் காட்டினேன்.
"ஆளெவரும் எண்டா, நானுமா?"
கேட்டார் கிருபைராசா,
சேனைக்குடியிருப்பில் உழவு மெசின் ஓட்டுகிறவர்.
நீங்களும்தான்.

அந்த வசனத்தின் கடைசியில் "படலாகாது" என்று
முதிரையில் செய்த கதவு மாதிரி ஒரு சொல்.
ஆனால் அடித்தவன் வசனத்தில் எங்கேயும் இல்லை.
செயப்பாட்டுவினை. ஒன்பதாம் வகுப்பில் படித்தது.
மனுவுக்கோ ஆள் வேண்டும்:
முதலாம் எதிர்மனுதாரர், பெயர், பதவி.

"பேர் தெரியா மகள்.
பேர்ப்பட்டியக் கழட்டி மேசையில வெச்சிட்டுத்தான்..."
பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த மூன்று புள்ளிகளுக்கு
எந்த மொழியிலும் என்னிடம் சொல் இல்லை.

"நடுவில அவருக்கு ஒரு போன் வந்திச்சி.
கையைத் துவாயில துடைச்சிட்டு எடுத்தார்.
நாளைக்குச் சப்பாத்து வாங்கலாம் எண்டார்.
எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும்.
நல்லாத்தான் கதைச்சார்.
அந்தப் புள்ளட பேர் மட்டும் ஞாபகம் இரிக்கு."

சொன்னார். நான் அடிக்கவில்லை.
பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய உத்தியோகத்தர்
என்று முதலாம் இடத்தை நிரப்பினேன்.
பதினாலாம் பந்தியில் போனையும் துவாயையும் சப்பாத்தையும் வைத்தேன்.
கொழும்புச் சட்டத்தரணி வெட்டிவிடக்கூடும்.

சத்தியக் கடதாசிக்கு இடது பெருவிரல்.
வாசிக்கத் தெரியாத தாளில்
அன்றிரவு ஒப்பம் போட்டது வலது கை.
அப்போது அது நன்றாக இருந்தது.

பஸ் எட்டரைக்கு. விடியப் புதுக்கடை.
பெண்சாதி சுகிர்தமலர் கட்டிக் கொடுத்த புட்டுப் பார்சலை
மனுக்கட்டின் மேல் வைத்தார்.
நான் எடுத்துக் கீழே வைத்தேன்.
எண்ணெய் பட்டால் திரும்ப அடிக்க வேண்டும்.
அதற்கு நாள் இல்லை.