அரைக்கால்

தேவிபட்டினத்துக்குத் தெற்கே
நண்டு வலையில் ஏறி வந்தது ஒரு கல்.
பாசியைச் சுரண்டினான் பூமிராசன்:
முகம் உண்டு, வலக்கை உண்டு,
இடுப்புக்குக் கீழே எதுவுமில்லை.

"பின்னமானது, கும்பிட ஆகாது.
திருப்பிப் போடுங்கப்பா"
என்றார் வள்ளக்காரர்.
போட்டோம்.
அது கிழித்த கண்ணிகளைக்
கரையில் உட்கார்ந்து பின்னினேன்.
உடைந்தது பின்னம், முடைவது பின்னல்.
இரண்டும் சொந்தமா
ஒலி மட்டும் ஒட்டிக்கொண்டதா
யாரைக் கேட்பது?

ஏலம் முடிந்தது.
டீசல், ஐஸ், நேற்றைய கடன் போக
வள்ளத்துக்குப் பாதி.
மீதிப் பாதி நாலு பேருக்கு.

அரை என்றால் இடுப்பு.
கால் என்றால் கால்தான்.
உடம்பைத் துண்டுபோட்டு
எண்ணப் பழகியிருக்கிறார்கள்.
எண்பதில் ஒன்றுக்குக் காணி என்று
பெயர் வைத்தவனுக்கு
நிலம் இருந்திருக்கும்.

என் பங்கு அரைக்கால்.
முந்நூற்றுப் பத்து ரூபாய், கொஞ்சம் சில்லறை.
பையில் வைத்துவிட்டு
வலை அலச இறங்கினேன்.
கலங்கல் தண்ணி.
இடுப்புக்குக் கீழே
எனக்கும் எதுவும் தெரியவில்லை.

கரையிலிருந்து பூமிராசன்
என்னையே பார்த்தான்.
கும்பிடவில்லை.
"சீக்கிரம் வா, டீ ஆறுது" என்றான்.