உடல்நலக் குறைவு காரணமாக

திரியெஸ்தேயில் காற்றுக்கும் பெயர் உண்டு, போரா.
அது அடிக்கிற நாளில் நடைபாதையோரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படித்தான் நடந்து வேலைக்குப் போனேன்.
ஆப்பெரா அரங்கின் நிலவறையில் காற்று கிடையாது.
நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிகள்,
பெட்டிக்கு இருநூறு நிகழ்ச்சி ஏடுகள்.

ஏடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
எட்டுப் பக்கம். நடுவில் பாடுவோர் பட்டியல்.
மிச்சமெல்லாம் விளம்பரம்:
வெர்மூத், கையுறை, இருமல் மாத்திரை,
தவணையில் பியானோ.
பின்னட்டையில் கடைசி டிராமின் நேரம்.
கதாநாயகி சாவதற்குள்
பாதிப் பேர் எழுந்து போனது ஏன் என்று
அங்கே இருக்கிறது.

கணினியில் நான் ஏற்ற வேண்டியது நான்கு:
தேதி, படைப்பு, நடத்துநர், பாடியவர்.
அச்சில் உள்ளபடி என்பது விதி.
இடையில் செருகிய தாள்கள் கணக்கில் வராது.

செருகிய தாள் உள்ளங்கை அகலம்,
குண்டூசி குத்தியது:
'உடல்நலக் குறைவு காரணமாக இன்றிரவு
திருமதி பர்தெல்லிக்குப் பதிலாக
செல்வி நெரீனா ஜெர்யால் பாடுவார்.
கட்டணம் திருப்பித் தரப்படாது.'

நான்காம் பெட்டியில் ஒன்று. ஆறாவதில் மூன்று.
ஒருநாள் அரசி, ஒருநாள் பணிப்பெண்,
ஒருநாள் மீசை ஒட்டிக்கொண்டு படைவீரன்.
யாருக்குத் தொண்டை கட்டினாலும் நெரீனா.
பட்டியலில் ஒருமுறைகூட இல்லை.
விதிப்படி, அந்த இரவுகளில் பாடியவர்
வீட்டில் வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருந்த பர்தெல்லி.

பதினோராம் பெட்டியிலிருந்து அவள் நெரீனா ஸெரியாலி.
கல்யாணம் என்று நினைத்தேன். இல்லை.
அந்த வருடங்களில் இந்த ஊரில்
ஸ்லாவியப் பெயர்களின் தலையிலிருந்த
சின்னக் கொக்கிகளைக் கழற்றினார்கள்.
ரொட்டிக்கடைப் பலகையில் கழற்றினார்கள்,
பள்ளிப் பதிவேட்டில், சில கல்லறைகளில்கூட.
செருகிய தாளையும் விடவில்லை.
கணினிக்கு இவர்கள் இரண்டு பெண்கள்.

ஏடுகளைச் சேர்த்தவர் ஆர்மாண்டோ பெர்னெத்திச்,
கப்பல் காப்பீட்டுக் குமாஸ்தா, மூன்றாம் மாடம், தூணுக்குப் பின்னால்.
மேடையில் பாதி தெரியாது, மலிவு.
ஒவ்வொரு ஏட்டிலும் பென்சிலால் இருமல்களை எண்ணியிருக்கிறார்.
நாற்பத்தொன்று. முப்பத்தேழு. ஐம்பத்திரண்டு (பனி).
ஒரு மார்ச் மாதத்தில்:
'பதிலி வந்தாள். காலணி பர்தெல்லியுடையது, பெரிது.
இரண்டாம் அங்கத்தில் கழற்றிவிட்டு
வெறுங்காலில் பாடினாள்.
எண்ண மறந்தேன்.'

காதல் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது.
சான்று இல்லை.
கீழேயே அதே பென்சிலில்
உருளைக்கிழங்கு விலை.

மேலாளர் க்ரெவாதினிடம் கேட்டேன்,
'பதிலியாகப் பாடியவர்' என்று ஒரு கட்டம் சேர்க்கலாமா.
ரோமுக்கு எழுத வேண்டும் என்றார்.
எழுதினேன். பதில் வந்தது:
உரிய அதிகாரி விடுப்பில் இருக்கிறார்,
உடல்நலக் குறைவு காரணமாக.

அதுவரை 'குறிப்பு' என்ற கட்டம் இருக்கிறது,
அறுபது எழுத்து இடம்.
அங்கே நெரீனாவை நுழைக்கிறேன்,
இரண்டு பெயரோடும், கொக்கியோடும்.
கொக்கியைக் கணினி கேள்விக்குறியாக்குகிறது.
திரும்பவும் போடுகிறேன்.

பதினெட்டாம் பெட்டியில்தான் தடுமாறினேன்.
ஊசி இருக்கிறது, தாள் உதிர்ந்துவிட்டது.
இன்னும் சிலவற்றில் ஊசியும் இல்லை,
அச்சுப் பெயரின் மேல்
இரண்டு துருப் புள்ளிகள் மட்டும்.
அந்த இரவு யாரோ பாடவில்லை.
யாரோ பிறர் காலணியில் நடந்து வந்தார்கள்.
தட்டச்சு செய்தேன்:
'இடது மேல்மூலை. துரு. இரண்டு துளை.'

அந்த இரவுகளில் எவரும்
கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதாகப் பதிவு இல்லை.
பதிவு இல்லை என்பதால்
கேட்கவில்லை என்று ஆகாது.
இதையும் சேர்க்கப் பார்த்தேன்.
அறுபது எழுத்தைத் தாண்டிவிட்டது.