விதையின் பாரம்

மின்வேலி வேலை செய்யாமல் மூன்றாம் நாள்.
கொட்டில் வாசலில் நான்,
அடுத்த காணியில் மரியநாயகம்,
இடையில் நூறு யார் இருட்டு,
கச்சான்.

அறிவியல் நகரிலிருந்து தங்கச்சி
குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள்:
பிரபஞ்சத்துக்கு ஐம்பது கோடி வயது நிரம்பமுதலே
ஒரு கருந்துளை
நாலு கோடி சூரியன் பாரமாம்.
எப்ப தின்றது, எப்படிச் செமித்தது,
ஒருத்தருக்கும் தெரியாதாம்.
சின்ன விதையோ பெரிய விதையோ
எண்டுதான் சண்டையாம்.

விதை என்ற இடத்தில் நிறுத்தினேன்.
கச்சானுக்கே நூறு நாள் வேணும்.

முகிலொன்று நட்சத்திரமாகாமலே
நேரே தனக்குள் விழுந்திருக்கலாம் என்கிறாள்.
பூ குனிந்து மண்ணுக்குள் போய்க் காய்ப்பது
எனக்குத் தெரியும்.
பூவே இல்லாமல்?

திரும்பக் கேட்கையில்தான் கண்டேன்,
குளக்கட்டுக்கு மேலே ஏழெட்டு வெள்ளி இல்லை.
முகிலுமில்லை.
அந்த இல்லாமை மெல்ல நகர்ந்து
கட்டால் இறங்கியது.
பிறகு கொடி பிடுங்கும் சத்தம்.
காலில் தட்டி மண் உதறி
ஆறுதலாய் மெல்லும் சத்தம்.

மரியநாயகத்தின் ரோச் வெளிச்சம்
பாதி வயல் வரை வந்தது,
அதற்கங்கால் ஒன்றிலும் படவில்லை.
நான் யானைவெடி கொளுத்தினேன்.
பனியில் நனைந்த திரி.

விடிய எண்ணினேன், பதினொரு வரிசை.

தங்கச்சிக்கு எழுதினேன்:
ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன்.
அடி பார்த்தால் ஐந்து,
ஒட்டி நின்றிருக்குதுகள்.
அதில் ஒன்று
என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிசு.
உங்கட ஆக்களிட்டை இதையும் கேட்டுப்பார்.

அனுப்பமுதல் சார்ஜ் முடிந்தது.
கம்பி முறுக்கப் போய்விட்டேன்.