மூன்றாவது தெரிவு

மொன்றியலில், சென் லோறன் தெருவில்,
பழைய தையல் ஆலையொன்றின் நாலாம் மாடியில்
ஒரு படகோட்டியை
இன்றைக்கு முப்பத்தேழாவது தடவையாகக் கொன்றேன்.
பகை ஒன்றுமில்லை. அதற்குத்தான் சம்பளம்.

கொன்றால் அவன் மனைவி கதவைப் பூட்ட வேண்டும்.
விட்டால், ஆறாம் அத்தியாயத்தில்
உப்பிட்ட மீன் இரண்டு தர வேண்டும்.
ஏமாற்றினால் அவன் மகன் வளர்ந்து
கணவாயில் எனக்காகக் காத்திருக்க வேண்டும்.
காத்திருக்கிறானா என்று பார்க்க
மூன்று மணி நேரம் மலையேறினேன்.
நின்றான்.
கத்தி இருக்கவேண்டிய கையில்
யாரோ மாறி வைத்துவிட்ட நீளமான ரொட்டி.
குறித்துக்கொண்டேன்.

ஊழை நாங்கள் எக்செல் தாளில் வைத்திருக்கிறோம்.
நாலாயிரத்து இருநூறு வரிசை.
பச்சை என்றால் வேலை செய்கிறது.

கொல்லாத நாட்களில் படகோட்டி கேட்பான்:
"கை முறிந்துபோச்சு. துடுப்பை நீ பிடிப்பாயா?
இருட்டுமுன் என் மகள் அக்கரை சேர வேண்டும்."
அடியில் மூன்று வரி வரும்.
பிடிக்கிறேன்.
கூலி எவ்வளவு?
பேசாமல் நில்.

முதலிரண்டையும் நூறு விதமாய் அழுத்தியாயிற்று.
மூன்றாவதை, சாப்பாட்டுக்கு எழும்பும்போது
சும்மா அழுத்தினேன்.

வாய் பாதி திறந்தபடி நின்றான்.
ஆறு ஓடியது. தோளில் பனி விழுந்தது,
விழுந்தது கரையவில்லை; அது வேறொரு பிழை.
நான் போய்ப் பிட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும்
மைக்ரோவேவில் சூடாக்கித் தின்று
பெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன்.
அப்படியே நின்றான்.

எழுதினேன்.
செய்தது: மௌனம்.
எதிர்பார்த்தது: ஏதாவது.
நடந்தது: ஒன்றுமில்லை.

கதை எழுதும் எத்தியென் உடனே பதில் போட்டான்:
"அதை யாரும் தெரிவு செய்வதில்லை, தர்சிகா.
கடைசியில் பார்க்கலாம். முன்னுரிமை: குறைவு."

நாலு வருடத்துக்கு முன், ஒரு பெப்ரவரி.
பெரி பஸ் நிலையத்திலிருந்து
சின்னம்மாவின் மகன் கோபிராஜ் எடுத்தான்.
"அக்கா, ரெண்டு மாசம். சோபாவில படுப்பன்.
வேலை கிடைச்ச உடன போயிடுவன்."
அவனுக்குப் பின்னால் ஒட்டாவா பஸ்ஸை அறிவித்தார்கள்,
முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில்.
சோபா வாங்கி ஒன்பது நாள்.
பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை.
உண்மையாகவே நான் அதைத்தான் நினைத்தேன்.
ஓமென்றும் சொல்லவில்லை,
இல்லையென்றும் சொல்லவில்லை.
ஆங்கில அறிவிப்பு முடியும்வரை
இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
"சரி அக்கா. பிறகு எடுக்கிறன்."

கணவாயில் யாரும் நிற்கவில்லை.
கதவொன்றும் பூட்டப்படவில்லை.
எட்மன்ரனில் இப்போது அவன் குழாய் பொருத்துகிறான்.
போன ஆவணியில் கல்யாணம்.
சின்னம்மா போனில் அதைப் பற்றிச் சொன்னாள்,
அதாவது, அன்றைய மழையைப் பற்றி.
எவ்வளவு மழை, எத்தனை மணிக்கு விட்டது,
மண்டப வாசலில் எவ்வளவு தண்ணீர்.
வேறெதுவும் சொல்லவில்லை.
நானும் மழையைப் பற்றியே கேட்டேன்.

பின்னேரம் அந்தப் பிழையை மறுபடி திறந்தேன்.
அவன் பேச வேண்டுமென்றில்லை, எத்தியென்.
கொஞ்சம் நிற்கட்டும்.
பிறகு ஒற்றைக் கையால் துடுப்பை எடுக்கட்டும்.
கோபம் வேண்டாம், இசை வேண்டாம்.
ஆறாம் அத்தியாயத்தில் என்னைக் கண்டால்
வணக்கம்கூடச் சொல்லட்டும்.
மீனை மட்டும் எடுத்துவிடு.

முன்னுரிமையை உயர்வு என்று மாற்றினேன்.
நாளைக்கு அவன் திருப்பி மாற்றுவான்.

ஐம்பத்தைந்தாம் இலக்க பஸ் வந்தது.
ஏறியதும் சாரதி, தாடியில் பனியோடு,
"பொன்சுவார்" என்றார்.
நான் பதில் சொன்னபோது
அவர் கண்ணாடியைப் பார்த்து
அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.