பதினோராம் தூண்

காலை ஆறே முக்கால். கிண்ணியாப் பாலத்தடியில்
ட்ரோனைக் கிளப்புகிறாள் நிரோஜினி.
நாலு விசிறியும் சேர்ந்து இரைய,
தோணியில் வலை உதறிய ஹனீபாவின் கை
பாதியில் நின்றது.
"வண்டு" என்றார், யாருக்கென்றில்லாமல்.

அவளுக்கும் தெரியும் அந்தச் சொல்.
அது சுற்றிப் போனபின் என்ன வரும் என்பதும்.

திரையில் பதினோராம் தூண்:
உப்புத் தின்ற கொங்கிரீட்,
துரு வழிந்த கோடு,
மயிரளவு வெடிப்பு.
மென்பொருள் சிவப்புப் பெட்டி போட்டு அளவெழுதியது:
தசம் நாலு மில்லிமீட்டர்.

காற்றுத் தள்ளியதில் கமரா தாழ்ந்தது.
அண்ணாந்த முகம் ஒன்று.
நெற்றிச் சுருக்கங்களுக்கும்
மூன்று பெட்டி.

'பிழையான கண்டறிதல்' என்று அழித்தாள்.
ஒன்றை அழிக்க விரல் தாமதித்தது.

பற்றரி இன்னும் பாதி இருக்க, இறக்கினாள்.
குறிப்பில் எழுதினாள்:
மிச்சத் தூண்கள் நாளை,
வலை எடுத்த பிறகு.