முழு நிமிடம்

முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினோம்.
பிறகு ஒருவர் கையில் ஒருவர்.
நோ வா போ என் நரம்பைத் தேடி
மூன்று முறை தவறிய மாலை
இருவரும் அழுதோம்.
வலித்தது எனக்கு மட்டும்.

நாடிக்கு ஸயாமா சொன்ன கணக்கு:
பதினைந்து விநாடி எண்ணு, நான்கால் பெருக்கு.
சீராக இல்லையென்றால் முழு நிமிடம்.
பெருவிரல் வைக்காதே,
உன் நாடியை நோயாளிக்கு எழுதிவிடுவாய்.
மூச்சை எண்ணப்போவதாக யாரிடமும் சொல்லாதே,
சொன்னால் மூச்சு நடிக்கத் தொடங்கிவிடும்.
நாடி பார்ப்பவள்போல் மணிக்கட்டைப் பிடித்தபடி
கண்ணால் மார்பை எண்ணு.
பாடத்திட்டத்தில் மதிப்பெண் உள்ள ஒரே பொய் அது.

தேர்வன்று மோல்மேனில் மழை.
தகரக் கூரைச் சத்தத்தில்
ஸ்டெதாஸ்கோப்பே வீண் என்று தோன்றியது.
எட்டு மேஜைகள், மேஜைக்கு ஏழு நிமிடம்,
மணி அடித்தால் நகர்ந்துவிட வேண்டும்.
மூன்றாவதில் வாடகை நோயாளி:
ஊ ட்டுன் லின், சந்தை முனையில் சைக்கா மிதிப்பவர்.
ஒரு நாள் கூலியும் ஒரு கிண்ணம் மொஹிங்காவும் பேசி
அழைத்துவந்திருந்தார்கள்.
லுங்கி மடிப்பில் வசனத் தாள்.

'வயிற்றுவலி. மூன்று நாளாக. வலப்பக்கம்'
என்று சொல்லிவிட்டு
இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.
மேற்பார்வையாளர் இருமினார்.
கை மாறியது.

கேள்விகளைப் பர்மியத்தில் கேட்பேன்,
எண்ணுவது மட்டும் தமிழில்.
பதிவேட்டில் மா தின் ஸார் என்றிருந்தாலும்
எண்கள் என்னைச் செங்கமலம் என்றே அறியும்.
ஒன்று இரண்டு மூன்று

நான்கு ஐந்தாறு


ஏழு

சனிக்கிழமைகளில் கோயில் கொட்டகையில்
வெண்பாவுக்கு அசை பிரித்த விரல்கள் இவை.
தளை தட்டினால் தெரிந்துவிடும்.
இவர் மணிக்கட்டில்
ஒரு சீரும் அடுத்த சீரோடு ஒட்டவில்லை.
ஆனாலும் பதினைந்து விநாடியில் பதினெட்டு.
நான்கால் பெருக்கினால் எழுபத்திரண்டு,
அப்படியே எழுதிவிட்டு நகரத் தோதான
அழகான எண்.

எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.
முழு நிமிடம்.
தொண்ணூற்றாறு.
நம்பாமல் இன்னொரு முழு நிமிடம்.

'நெஞ்சு படபடப்பது உண்டா?
மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா?'
தாளை எடுத்து விரித்துத் தேடினார்.
'இந்தக் கேள்வி இதில் இல்லையே, சின்ன ஸயாமா.'
'தாளைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்டேன்.'

மேற்பார்வையாளரைப் பார்த்தார்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு, வலிக்காத வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு,
இதற்குக் கூலி பேசவில்லையே என்பதுபோல்
தாழ்ந்த குரலில்:
'பகோடா மேட்டில் ஆளை இறக்கிவிட்டு
வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.
தண்ணீர்த் திருவிழா முடிந்ததிலிருந்து.
இறங்குகிறவர்கள் காசைக் குறைத்துக்கொள்கிறார்கள்.'

மணி அடித்தது.
நான் அந்த வயிற்றைத் தொடவே இல்லை.

அவருடைய வசனத் தாளின் பின்பக்கம்
'செவ்வாய், வெளிநோயாளர் பிரிவு, ஈசிஜி' என்று கிறுக்கிக் கொடுத்தேன்.
கூலியோடு சேர்த்து மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டார்.
பத்துக்கு மூன்று வந்தது எனக்கு,
சிவப்பு மையில்: 'வயிற்றுப் பரிசோதனை செய்யப்படவில்லை.'
உண்மைதான்.

செவ்வாயன்று வகுப்பு விட்டு ஓடினேன்.
வரிசையில் அவர் இல்லை.
சந்தை முனையில் கேட்டேன்,
'சவாரி போயிருக்கிறார்' என்றான் ஒருவன்,
'முடான் போய்விட்டார்' என்றான் இன்னொருவன்.

மறுதேர்வில் வேறு ஆள், அதே வயிற்றுவலி.
முறைப்படி பார்த்தேன், கேட்டேன், அழுத்தினேன்.
எட்டு மதிப்பெண்.
ஆனால் அதற்கு முன்னால்
அந்த இளைஞனின் மணிக்கட்டை
முழு நிமிடம் பிடித்திருந்தேன்.
எழுபத்தாறு. ஒரு துடிப்பும் பிசகவில்லை.
எனக்கு ஏமாற்றமாக இருந்தது.
அப்படி இருந்ததை
இதுவரை நோ வா போவிடம்கூடச் சொல்லவில்லை.